பிட்டில் இருக்கிறது சூட்சுமம்

வெல்லர் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பழைய சால்டரிங் அயர்ன் ஒன்றை முதன்முதலாகக் கையில் எடுப்பவர் சற்றுக் குழம்பித்தான் போவார். சூட்டைக் கூட்டவோ குறைக்கவோ அதில் திருகு கிடையாது. எண் ஒளிரும் திரையும் கிடையாது. நுனியில் மாட்டியிருக்கும் பிட்டைக் கழற்றி அதன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் 6, 7, 8 என்று ஏதாவது ஓர் இலக்கம் மட்டும் பொறித்திருக்கும். 6 என்றால் 600 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 315 டிகிரி செல்சியஸ். 7 என்றால் சுமார் 370. 8 என்றால் 425க்குச் சற்று மேல். வேறு வெப்பநிலை வேண்டுமானால் வேறு பிட்டை மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். 'மேக்னஸ்டாட்' என்ற பெயரில் வந்த இந்த ஏற்பாட்டில் சிப் எதுவும் இல்லை. இருப்பதெல்லாம் ஒரு காந்தமும் ஒரு சுவிட்சும்தான்.

பிட்டின் அடியில் ஒரு சிறு உலோக வில்லை பதிக்கப்பட்டிருக்கும். அது ஆறியிருக்கும்போது கைப்பிடிக்குள் இருக்கும் காந்தம் அதை நோக்கி இழுபட்டுப்போய் ஒட்டிக்கொள்ளும். அப்படிப் போகையில் சுவிட்சையும் சேர்த்து மூடிவிடும். கரண்ட் பாயும், சூடேறும். குறிப்பிட்ட வெப்பநிலையை எட்டியதும் அந்த வில்லை தன் காந்த ஈர்ப்பை இழந்துவிடும். பிடி தளர்ந்த காந்தத்தை ஸ்பிரிங் பின்னுக்கு இழுக்க, 'டிக்' என்ற சத்தத்தோடு கரண்ட் நிற்கும். கொஞ்சம் ஆறியதும் மறுபடி 'டிக்'. காந்த உலோகங்கள் குறிப்பிட்ட சூட்டுக்கு மேல் காந்தத்தன்மையை இழப்பதை பியேர் கியூரி 1895-இல் தமது முனைவர் ஆய்வில் விரிவாக அளந்து காட்டினார். இரும்புக்கு அந்த எல்லை சுமார் 770 டிகிரி செல்சியஸ். நிக்கலுக்கு சுமார் 358. உலோகக் கலவையின் விகிதத்தை மாற்றினால் எல்லையும் நகரும். அந்த நகர்வைத்தான் வெல்லர் பொறியாளர்கள் 6, 7, 8 என்று இலக்கமிட்டு விற்றார்கள்.

ஒரு கம்பியைச் சூடாக்குவது பெரிய வித்தை இல்லை. நிக்ரோம் கம்பியைச் சுற்றி மின்சாரம் கொடுத்தால் முடிந்தது. அந்தச் சூட்டை ஒரே அளவில் நிறுத்திவைக்க ஏன் இத்தனை பாடு என்பதைப் புரிந்துகொள்ள, பற்றவைக்கும்போது அந்த ஒரு சதுர மில்லிமீட்டரில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஈயம் உருகி, ஆறி, இறுகி ஒட்டிக்கொள்கிறது என்பது பாதிக்கதைதான். நாம் ஈயம் என்று சொல்லி வாங்கும் கம்பியில் பெரும்பங்கு வெள்ளீயம். 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த கம்பி சரியாக 183 டிகிரியில் உருகும். தனி வெள்ளீயம் உருக 232, தனிக் காரீயம் உருக 327 டிகிரி வேண்டும். கலந்தபின் இரண்டையும்விடக் குறைந்த சூட்டில் உருகுகிறது என்பதே இந்தக் கலவையின் அருமை. உருகிய வெள்ளீயம் தாமிரத்தைத் தொட்டதும் அதன் மேற்பரப்பைக் கொஞ்சம் கரைக்கிறது. கரைத்த தாமிரத்தோடு வினைபுரிந்து, ஆறு தாமிர அணுவுக்கு ஐந்து வெள்ளீய அணு என்ற கணக்கில் ஒரு புதிய சேர்மத்தை உண்டாக்குகிறது. ஓரிரு மைக்ரான் கனமுள்ள அந்தப் படலம்தான் உண்மையான பிணைப்பு. அது உருவாகாவிட்டால் ஈயம் மேலே குந்தியிருக்குமே தவிர, இணைந்திருக்காது. அதுவே 'டிரை சால்டர்'. ரேடியோ கரகரப்பதும், தட்டினால் டிவி பாடுவதும் பெரும்பாலும் இதனால்தான். மாறாக, சூட்டை அதிக நேரம் வைத்தால் அந்தப் படலம் தடித்து நொறுங்கும் தன்மை பெறும். ஆகவே வேலை இரண்டு மூன்று விநாடியில் முடிந்துவிட வேண்டும்.

இங்கே ஒன்றைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். இணைப்பை உண்டாக்கும் வினையே பிட்டையும் தின்கிறது. வெள்ளீயத்துக்குச் சர்க்யூட் போர்டில் இருக்கும் தாமிரம் வேறு, பிட்டில் இருக்கும் தாமிரம் வேறு என்றெல்லாம் தெரியாது. சால்டரிங் அயர்னைத் தேர்ந்தெடுப்பதிலும் பராமரிப்பதிலும் வரும் அத்தனை யோசனைகளும், வேண்டிய இடத்தில் இந்த வினையைச் சட்டென்று நடத்தி, வேண்டாத இடத்தில் அதைத் தள்ளிப்போடுவதைப் பற்றியவைதான்.

கடையில் போய் நின்றால் முதல் கேள்வி வாட் பற்றியதாகத்தான் இருக்கும். 25 வாட்டா, 60 வாட்டா? அதிக வாட் என்றால் அதிகச் சூடு, சூடு அதிகமானால் வேலை சுலபம் என்று ஒரு நினைப்பு. இதில் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு கிராம் தாமிரத்தை 30 டிகிரியிலிருந்து 250 டிகிரிக்கு ஏற்ற சுமார் 85 ஜூல் வெப்பம் வேண்டும். ஒரு ரெசிஸ்டரின் காலும் அது நிற்கும் சின்னத் தாமிர வளையமும் சேர்ந்து ஒரு கிராமுக்கு வெகு கீழே. இருபது முப்பது ஜூலில் வேலை முடிந்துவிடும். 25 வாட் என்பது விநாடிக்கு 25 ஜூல். கணக்குப்படி தாராளம்.

ஆனால் அந்த 25 ஜூலும் இணைப்புக்குப் போய்ச் சேருவதில்லை. கட்டுப்பாடு இல்லாத சாதாரண அயர்ன் சும்மா நிற்கும்போது, உள்ளே வரும் வெப்பமும் காற்றில் இழக்கும் வெப்பமும் சமமாகும் வரை சூடேறிக்கொண்டே போகிறது. சமமான அந்த நிலையில் 25 வாட்டும் காற்றுக்கே போகிறது. பிட்டை இணைப்பில் வைத்த கணத்தில் அங்கே பாய்வது பிட்டின் தாமிரத்தில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் வெப்பம். அது குறையக் குறைய வெப்பநிலை இறங்கும். ஹீட்டர் அதை ஈடுகட்ட நேரம் பிடிக்கும். ஆக, இந்த வகை அயர்ன் வேலை இல்லாதபோது மிக அதிகச் சூட்டிலும், வேலை செய்யும்போது குறைந்த சூட்டிலும் இருக்கும். நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர். 60 வாட் சாதாரண அயர்னை வாங்கினால் இந்தக் கோளாறு தீராது. சும்மா இருக்கும்போது இன்னும் பயங்கரமாகக் கொதிக்கும், அவ்வளவுதான்.

நம் ஊர் மின்சாரம் இதில் வேறு கை வைக்கிறது. ஹீட்டரின் திறன் வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 230 வோல்ட்டில் 25 வாட் தரும் அயர்ன், மாலை நேரத்தில் 190-க்கு இறங்கினால் 17 வாட்தான் தரும். நள்ளிரவில் 250-க்கு ஏறினால் கிட்டத்தட்ட 30. காலையில் அழகாக உருகிய ஈயம் சாயங்காலம் களியாக இழுபடுகிறது என்றால் கையைக் குற்றம் சொல்ல வேண்டியதில்லை.

வெப்பநிலைக் கட்டுப்பாடுள்ள அயர்ன் இங்கேதான் வித்தியாசப்படுகிறது. அதில் 60, 70 வாட் என்று எழுதியிருந்தாலும், சும்மா நிற்கையில் அதில் ஒரு சிறு பங்கைத்தான் செலவழிக்கும். மீதி கையிருப்பு. பிட்டின் சூடு இறங்கியதைச் சென்சார் கண்டதும் அந்தக் கையிருப்பு முழுவதும் உடனே இறங்கும். இப்படி ஓர் அயர்னில் வாட் என்பது எவ்வளவு சூடு என்பதைச் சொல்வதில்லை. இழந்த சூட்டை எவ்வளவு விரைவில் மீட்கும் என்பதைச் சொல்கிறது.

மீட்கும் வேகத்தைத் தீர்மானிப்பது சென்சார் எங்கே இருக்கிறது என்பது. ஒசாகாவைச் சேர்ந்த ஹக்கோ நிறுவனத்தின் 936 என்ற ஸ்டேஷன் உலகம் முழுக்க நகலெடுக்கப்பட்ட ஒன்று. 200 முதல் 480 டிகிரி வரை திருகி வைத்துக்கொள்ளலாம். அதன் நகல்களும் நகல்களின் நகல்களும் சென்னை ரிச்சி தெருவிலிருந்து ஆன்லைன் கடைகள் வரை கிடைக்கின்றன. இதில் செராமிக் ஹீட்டருக்குள் சென்சார் இருக்கும், பிட் அதன் மேல் தொப்பியாக மாட்டப்படும். இரண்டுக்கும் நடுவே மெல்லிய காற்று இடைவெளி. காற்று வெப்பத்தைக் கடத்துவதில் படு சோம்பேறி. பிட்டின் நுனி ஆறிய செய்தி சென்சாருக்குத் தாமதமாகத்தான் வந்து சேரும். மலிவான நகல்களில் பிட் தளர்வாக உட்கார்ந்தால் தாமதம் இன்னும் கூடும்.

இதைத் தீர்க்க ஹக்கோவே பின்னர் கொண்டுவந்த டி12 வகையில் ஹீட்டரும் சென்சாரும் பிட்டுக்குள்ளேயே, நுனிக்கு அருகே அடைக்கப்பட்டிருக்கின்றன. பார்சிலோனாவின் ஜேபிசி நிறுவனமும் இதே வழியில் போய், சில விநாடிகளில் தயாராகும் அயர்ன்களைத் தருகிறது. மெட்கால் என்ற அமெரிக்க நிறுவனம் கியூரியின் கண்டுபிடிப்பை இன்னும் நயமாகப் பயன்படுத்தியது. 13.56 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் மின்சாரம் கொடுத்தால் அது பிட்டின் மேல்பூச்சான காந்த உலோகத்தில் மட்டும் ஓடி அதைச் சூடாக்கும். கியூரி எல்லையை எட்டியதும் அந்தப் பூச்சு காந்தத்தன்மையை இழக்க, மின்சாரம் உள்ளே இருக்கும் தாமிரத்துக்குள் இறங்கிவிடும். தாமிரத்தில் மின்தடை குறைவு, ஆகவே சூடாவது தானே அடங்கும். தனியாக ஒரு சென்சார்கூடத் தேவையில்லை. பார்க்க அழகான பௌதிகம். விலையைக் கேட்டால் பொழுதுபோக்குக்காரர் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்.

பென்சில்வேனியாவின் ஈஸ்டன் நகரில் ரேடியோ பழுதுபார்த்த கார்ல் வெல்லர் 1940-களில் உருவாக்கிய துப்பாக்கி வடிவ அயர்ன் இன்றும் விற்கிறது. விசையை அழுத்தினால் சில விநாடியில் சூடாகும். பெரிய வயர்களுக்கு அருமையான சாதனம். சின்ன சர்க்யூட் போர்டுக்கு வேண்டாம். கனம் அதிகம், கட்டுப்பாடு குறைவு. கடந்த சில ஆண்டுகளில் லேப்டாப் சார்ஜரிலிருந்தே யூஎஸ்பி-சி வழியாக மின்சாரம் எடுக்கும் பேனா அளவு அயர்ன்கள் வந்திருக்கின்றன. பைன்64-இன் பைன்சில் அவற்றில் பேர்போனது. இதற்கான ஐயன்ஓஎஸ் என்ற மென்பொருளைத் திறந்த மூலமாகத் தன்னார்வலர்கள் வளர்க்கிறார்கள். மேசையில் இடம் இல்லாத விடுதி மாணவருக்கு இதைவிடப் பொருத்தமானது அரிது. சார்ஜர் மட்டும் போதிய வாட் தரக்கூடியதாக இருக்க வேண்டும். போன் சார்ஜரில் மாட்டிவிட்டு அயர்னைக் குறை சொல்லக் கூடாது.

அப்படியானால் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சோல்ட்ரான் வகை 25 வாட் அயர்னுக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது. தமிழ்நாட்டின் ஐடிஐகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் கைபழகியவர்களில் பலர் இத்தகைய அயர்னில் தொடங்கியவர்கள்தான். அதை எளிதாகப் பழுதுபார்க்கலாம் என்பது பெரிய குணம். சூடாகவில்லையா, பிளக்கை உருவிவிட்டு அதன் இரண்டு மின்பின்களுக்கு நடுவே மல்டிமீட்டரை வைத்துப் பார்க்கலாம். 25 வாட் அயர்னுக்கு சுமார் 2,100 ஓம் காட்ட வேண்டும். எதுவுமே காட்டாவிட்டால் எலிமெண்ட் போய்விட்டது, அல்லது வயர் அறுந்திருக்கிறது. இரண்டுமே மாற்றக்கூடியவை. பழைய மெக்கானிக்குகள் செய்த ஒரு தந்திரமும் உண்டு. அயர்னுக்குப் போகும் வயரில் ஒரு 1,000 வோல்ட் டயோடையும் அதற்கு இணையாக ஒரு சுவிட்சையும் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். சுவிட்சைத் திறந்தால் பாதி அலைதான் போகும், 25 வாட் பன்னிரண்டரை ஆகிவிடும். வேலை இல்லாத நேரத்தில் பிட் வெந்து கருகாது. மெயின்ஸ் மின்சாரத்தில் கைவைக்கும் காரியம் இது என்பதால், தெரிந்தவர் துணை இல்லாமல் செய்யக் கூடாது.

எந்த அயர்னாக இருந்தாலும் பிட்டின் வடிவத்தில்தான் தொடக்கக்காரர்கள் ஏமாறுகிறார்கள். சின்ன வேலைக்கு ஊசிமுனை பிட் என்று தோன்றுவது இயல்பு. பெரும்பாலான ஸ்டேஷன்களோடு பெட்டிக்குள் வருவதும் ஊசிமுனைதான். அது ஏறக்குறைய எதற்கும் உதவாது. வெப்பம் பாய்வது தொடும் பரப்பைப் பொறுத்தது. ஊசிமுனை ஒரு புள்ளியில் தொடுகிறது, அந்தப் புள்ளிக்கு வெப்பம் வந்து சேர வேண்டிய கழுத்தும் ஒல்லி. ஈயம் உருகவில்லையே என்று சூட்டை 420-க்கு ஏற்றுவார்கள். ஆக்சைடை நீக்க உதவும் ஃப்ளக்ஸ் கருகும், பிட் கறுக்கும், போர்டில் தாமிரப் பட்டை பெயர்ந்து எழும்பும். இரண்டு முதல் இரண்டரை மில்லிமீட்டர் அகலமுள்ள உளிமுனை பிட்டை மாட்டி 330 டிகிரியில் வைத்தால் அதே வேலை இரண்டு விநாடியில் முடியும். உளியின் தட்டைப் பக்கம் பெரிய இணைப்புக்கு, அதன் ஓரம் சிறிய இணைப்புக்கு. பொழுதுபோக்கு வேலையில் பத்தில் ஒன்பதை இந்த ஒரே பிட்டில் செய்துவிடலாம். ஐசி கால்களை வரிசையாக இழுத்துப் பற்றவைக்கக் கத்திமுனை பிட் ஒன்றைப் பின்னால் வாங்கிக்கொள்ளலாம்.

இனி பிட்டின் உள்ளமைப்பு. பழைய அயர்ன்களின் பிட் முழுத் தாமிரம். தாமிரம் வெப்பத்தை இரும்பைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு நன்றாகக் கடத்தும். ஆனால் ஒவ்வொரு முறை ஈயம் படும்போதும் வெள்ளீயம் அதில் கொஞ்சம் கரைத்துக்கொண்டு போகும். நுனி குழிந்து, பள்ளம் விழுந்து, உருக்குலையும். அதனால்தான் அந்தக் காலத்து ரேடியோ மெக்கானிக்கின் மேசையில் அரம் தவறாமல் இருக்கும். தேய்த்து, வடிவம் திருத்தி, ஈயம் பூசி மறுபடி வேலை. இங்கிலாந்தின் மல்டிகோர் நிறுவனம் இதற்கு ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தது. 'சாவ்பிட்' என்ற ஈயக்கம்பியில் ஒன்றரை சதவீதத்தை ஒட்டித் தாமிரத்தை முன்கூட்டியே கலந்து விற்றார்கள். ஏற்கெனவே தாமிரத்தால் வயிறு நிரம்பிய ஈயம் பிட்டிலிருந்து மேலும் எடுத்துக்கொள்ளத் தயங்கும். எளிய, கெட்டிக்காரத்தனமான தீர்வு.

இன்றைய பிட்டுகளில் வேறு தீர்வு. உள்ளே தாமிரம், வெளியே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இரும்புப் பூச்சு. இரும்பும் வெள்ளீயத்தில் கரையும், ஆனால் தாமிரத்தைவிட மிக மெதுவாக. நுனியைத் தவிர்த்த மற்ற இடத்தில் குரோமியம் பூசியிருப்பார்கள். ஈயம் குரோமியத்தில் ஒட்டாது என்பதால் மேலே ஏறிப் பரவாது. நுனியில் மட்டும் மெல்லிய ஈயப் பூச்சு. அந்த இரும்புத் தோல்தான் பிட்டின் ஆயுள். அதில் ஊசித்துளை அளவு ஓட்டை விழுந்தால் போதும், ஈயம் உள்ளே புகுந்து தாமிரத்தைக் கரைத்து வெளியே கொண்டுவந்துவிடும். வெளித்தோல் நின்றபடியே உள்ளே கூடாகிப்போன பிட்டுகளைப் பழுதுபார்ப்பவர்கள் பார்த்திருப்பார்கள்.

பழைய பழக்கம் புதிய பொருளைக் கெடுக்கும் இடம் இதுதான். குருவிடம் அரத்தால் தேய்க்கக் கற்றவர், இரும்புப் பூச்சுள்ள பிட்டையும் கறுத்ததும் தேய்க்கிறார். உப்புத்தாள் போடுகிறார். ஐந்து நிமிடம் பளபளக்கும், ஒரு வாரத்தில் குழி விழும். பிட் எந்த வகை என்று சந்தேகமாக இருந்தால், ஆறிய பிட்டின் நுனியில் ஒரு காந்தத்தை வைத்துப் பார்க்கலாம். ஒட்டினால் இரும்புப் பூச்சு, அரம் பக்கமே போகக் கூடாது. ஒட்டாவிட்டால் வெறும் தாமிரம், தாராளமாகத் தேய்க்கலாம். படுமலிவான சில பிட்டுகளில் உள்ளேயும் தாமிரம் இருக்காது. பின்பக்கத் துளையின் விளிம்பை லேசாகச் சுரண்டினால் செம்பு நிறம் தெரிகிறதா என்று பார்த்தால் வேஷம் கலைந்துவிடும்.

சரி, இரும்புத் தோலுக்கு எதிரி யார்? ஈயம் மட்டுமல்ல. சூடான இரும்பு காற்றில் ஆக்சிஜனோடு சேர்ந்து ஆக்சைடாகும், அதன் மேல் ஃப்ளக்ஸின் கரி படியும். கறுத்துப்போன அந்தப் பரப்பில் ஈயம் ஒட்டாமல் உருண்டை உருண்டையாக ஓடும். வெப்பமும் இறங்காது. இது நடப்பது பற்றவைக்கும்போது அல்ல. ஸ்டாண்டில் 350 டிகிரியில் அயர்னை வைத்துவிட்டு, சர்க்யூட் படத்தைப் பார்த்துக்கொண்டும், தொலைந்த கெபாசிட்டரைத் தரையில் தேடிக்கொண்டும், போனை எடுத்து 'சொல்லுங்க அண்ணே' என்று ஆரம்பித்து அரை மணி நேரம் பேசிக்கொண்டும் இருக்கிறோமே, அப்போது நடக்கிறது. பெரும்பாலான பிட்டுகள் வேலை செய்து சாவதில்லை. சும்மா இருந்து சாகின்றன.

மருந்து மிகச் சுலபம். அயர்னை ஸ்டாண்டில் வைக்குமுன் நுனியில் ஒரு சொட்டு ஈயம் வைத்துவிட வேண்டும். அந்த ஈயம் காற்றை மறைக்கும், ஆக்சைடாவது அதுவாகத்தான் இருக்கும், இரும்பு தப்பிக்கும். அடுத்து எடுக்கும்போது துடைத்துவிட்டு வேலையைத் தொடங்கலாம். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வேலை முடிந்ததும் பளிச்சென்று துடைத்து, சுத்தமாக வைத்துவிட்டோம் என்ற திருப்தியோடு ஸ்விட்சை அணைக்கிறார்கள். அணைத்த பிறகும் சில நிமிடங்கள் பிட் கொதித்துக்கொண்டுதான் இருக்கும். அந்த நிமிடங்களில் கவசமில்லாத இரும்பு கறுக்கும். துடைப்பது தொடக்கத்தில், ஈயம் பூசுவது முடிவில். பத்து நிமிடத்துக்கு மேல் வேலை இல்லையென்றால் சூட்டை 200-க்குக் குறைப்பதோ அணைத்துவிடுவதோ நல்லது. தானே உறங்கும் வசதியுள்ள அயர்னுக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுப்பது வீண் இல்லை.

துடைப்பதற்குப் பித்தளைச் சுருள் நல்லது. ஈர ஸ்பாஞ்சும் வேலை செய்யும், ஆனால் ஒவ்வொரு தொடுதலிலும் பிட்டின் சூடு சட்டென்று இறங்கி ஏறும். ஸ்பாஞ்ச் என்றால் இதற்கென்று விற்கும் செல்லுலோஸ் ஸ்பாஞ்ச். சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் பிளாஸ்டிக், பிட்டில் உருகி ஒட்டிக்கொண்டு நாற்றமடிக்கும். பிழிந்தால் சொட்டாத அளவு ஈரம் போதும். போர்வெல் தண்ணீரில் உப்பு படியும் என்பதால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் உத்தமம். பிட்டில் மிஞ்சிய ஈயத்தை உதற அயர்னை மேசையில் தட்டுபவர்கள் இருக்கிறார்கள். செராமிக் ஹீட்டர் உள்ள அயர்னில் அதைச் செய்தால் அடுத்த செலவு ஹீட்டருக்கு.

ஏற்கெனவே கறுத்துவிட்ட பிட்டைக் காப்பாற்ற முடியுமா? பெரும்பாலும் முடியும். சூட்டை 300-க்குள் இறக்கி, ஃப்ளக்ஸ் உள்ள ஈயத்தைத் தாராளமாகக் கொடுத்து, பித்தளைச் சுருளில் குத்தி எடுத்து, மறுபடி ஈயம் என்று சில முறை பொறுமையாகச் செய்ய வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் 'டிப் டின்னர்' என்று சின்ன டப்பியில் விற்கும் பசை இருக்கிறது. ஈயத்தூளும் மிதமான அமிலத்தன்மை உள்ள ரசாயனமும் கலந்தது. சூடான நுனியை அதில் ஒரு முறை புரட்டினால் ஆக்சைடு கரைந்து, புதிய ஈயம் பூசிக்கொள்ளும். அமிலம் இரும்பையும் அரிக்கும் என்பதால் இதை அன்றாடப் பழக்கமாக்கக் கூடாது.

ஆக்சைடை நீக்கி ஈயம் பூசும் இந்த ரசாயன வித்தை தமிழ்நாட்டுத் தெருக்களுக்குப் புதிதல்ல. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் துருத்தி ஊதி, பாத்திரத்தைக் கனலில் காட்டி, நவச்சாரத்தைத் தூவித் துணியால் ஒரு சுற்றுச் சுற்றுவார். வெண்புகை எழும், அடுத்த கணம் வெள்ளீயம் பாத்திரம் முழுக்கப் பரவி மின்னும். நவச்சாரம் என்பது அம்மோனியம் குளோரைடு. சூட்டில் அது அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரியும். பின்னது தாமிர ஆக்சைடைத் தின்று உலோகத்தை வெளிப்படுத்தும். வெறும் தாமிர பிட்டுகளின் காலத்தில் ரேடியோ மெக்கானிக்குகளும் நவச்சாரக் கட்டியில் சூடான பிட்டைத் தேய்த்துச் சுத்தம் செய்ததுண்டு. சர்க்யூட் போர்டு பக்கம் மட்டும் அது வரக் கூடாது. மிச்சமிருக்கும் குளோரைடு ஈரக்காற்றில் தாமிரப் பட்டைகளை மெல்ல அரித்துவிடும். குழாய், தகர வேலைக்கு விற்கும் அமில ஃப்ளக்ஸுக்கும் இதே தடை.

எலக்ட்ரானிக்ஸுக்கு உகந்த ஃப்ளக்ஸ் பைன் மரப் பிசினிலிருந்து எடுக்கும் ரோசின். நல்ல ஈயக்கம்பியின் நடுவிலேயே அது குழலாக ஓடும். சூட்டில் மட்டும் அமிலமாக விழித்து, ஆறியதும் செயலற்றுப்போகும் என்பது அதன் தனிச்சிறப்பு. உருகிய ஈயத்தைவிட லேசானது என்பதால் வேலை முடிந்ததும் மேலே மிதந்து வந்துவிடும். ஈர்ப்பு உணரப்படாத இடத்தில் என்ன ஆகும்? 2004-இல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் மைக் ஃபிங்க் என்ற விண்வெளி வீரர் பற்றவைத்துப் பார்த்தார். ஃப்ளக்ஸ் துளி வெளியேற வழி தெரியாமல் உருகிய ஈயக் கோளத்தைச் சுற்றிச் சுழன்றது. உள்ளே குமிழிகளும் சிக்கிக்கொண்டன. மிதப்பது என்பது எடை இருக்கும் இடத்தில் மட்டும் நடக்கிற காரியம்.

2006 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் பெரும்பாலான மின்னணுப் பொருட்களில் காரீயத்துக்குத் தடை போட்டது. தொழிற்சாலைகள் வெள்ளீயம், வெள்ளி, தாமிரம் கலந்த கம்பிக்கு மாறின. அது உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும். வெள்ளீயம் 95 சதவீதத்துக்கு மேல் இருப்பதாலும் சூடு கூடுதலாக வைக்க வேண்டியிருப்பதாலும் பிட்டின் இரும்புத் தோலை இது இன்னும் வேகமாகத் தின்னும். வீட்டில் கற்றுக்கொள்பவர் 63/37 அல்லது 60/40 கம்பியில் தொடங்குவதுதான் கைக்கும் பிட்டுக்கும் நல்லது. 0.7 அல்லது 0.8 மில்லிமீட்டர் கனம் போதும்.

மின்பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. இரண்டு பின் பிளக் உள்ள மெயின்ஸ் அயர்னைத் தவிர்ப்பது நல்லது. எர்த் இல்லாத பிட்டில் கசியும் சிறு மின்னழுத்தம் நம்மை ஒன்றும் செய்யாவிட்டாலும் மாஸ்ஃபெட் போன்ற உறுப்புகளைக் கொன்றுவிடும். ஆறிய அயர்னின் பிளக்கை உருவி, பிட்டுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே மீட்டர் வைத்தால் ஓரிரு ஓம்தான் காட்ட வேண்டும். பிட்டை மாட்டும் திருகு துருப்பிடித்தாலோ இடையில் ஆக்சைடு படிந்தாலோ இது ஏறிவிடும். மாதம் ஒரு முறை, நன்றாக ஆறிய பிறகு, பிட்டைக் கழற்றித் தூசு தட்டி மாட்டினால் எர்த்தும் சரியாக இருக்கும், பிட் உள்ளேயே இறுகிப்போய் வராமல் அடம்பிடிப்பதும் நேராது. எண்ணெய் எதுவும் விட வேண்டாம், கருகிவிடும்.

வாங்கப்போகும் மாணவருக்குக் கணக்கு இதுதான்: கையில் இருக்கும் பணம் முழுவதையும் ஸ்டேஷனில் கொட்டிவிட்டு, பெட்டியோடு வந்த ஊசிமுனை பிட்டில் மல்லுக்கட்டுவதைவிட, நடுத்தரமான வெப்பக்கட்டுப்பாட்டு அயர்ன் ஒன்றையும் அதற்குப் பொருந்தும் அசல் உளிமுனை பிட் இரண்டையும், ரோசின் உள்ள நல்ல ஈயக்கம்பிச் சுருள் ஒன்றையும் வாங்குவது மேல். அதற்கும் வசதி இல்லையென்றால் மூன்று பின் உள்ள 25 வாட் அயர்ன், அதோடு இரும்புப் பூச்சுள்ள பிட்.

புகையைப் பற்றிய பயம் நியாயமானது, ஆனால் பலரும் தவறான பொருளுக்குப் பயப்படுகிறார்கள். காரீயம் கொதிக்க 1,749 டிகிரி வேண்டும். 350 டிகிரியில் அது ஆவியாவது பொருட்படுத்தும் அளவில் இல்லை. கண்ணில் படும் புகை ரோசின் புகை, நாள்பட்டால் ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியது. முகத்திலிருந்து விலகி இழுக்கும்படி ஒரு சின்ன விசிறியை வைத்து, ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். காரீயம் உடலுக்குள் போவது விரல் வழியாக. ஈயக்கம்பியைப் பிடித்த கையால் முறுக்கு எடுத்துக் கடிப்பதும், இரண்டு கையும் வேலையாக இருக்கிறதென்று கம்பியைப் பல்லில் கவ்வுவதும்தான் ஆபத்து. இரத்தத்தில் காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. குழந்தைகளுக்குத்தான் பாதிப்பு அதிகம். ஆகவே சாப்பாட்டு மேசையில் பற்றவைக்காதீர்கள், சிதறிய ஈயத் துணுக்குகளை ஈரத் துணியால் துடைத்து எடுங்கள், எழுந்ததும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு அப்புறம் டீயைத் தொடுங்கள்.